கட்டணம் கட்டியதோடு கடமை முடிந்ததா?



நம் வீட்டு வழக்கில் 'பள்ளி' என்றால் பள்ளிவாசல். "பள்ளிக்குப் போய்ட்டு வந்தியா?" என்று நன்னி கேட்டால், தொழுதாயா என்று பொருள். பிள்ளைகள் பாடம் படிக்கும் இடம் பள்ளிக்கூடம். இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல் அமைந்ததைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை. நம் முன்னோர் காலத்தில் தொழும் இடமும் ஓதும் இடமும் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்டன. இன்று சேலத்திலிருந்து நாமக்கல் வரை நீளும் இச்சமவெளியில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளை அந்த ஒரு பள்ளியிலிருந்து எடுத்து இந்த ஒரு பள்ளியில் சேர்க்கும்போது இரண்டுக்கும் இடையே என்ன கைநழுவுகிறது என்பதைப் பேசவே இக்கட்டுரை.

அடுத்த முறை மக்ரிப் ஜமாஅத்தில் நிற்கும்போது வரிசைகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முன்வரிசையில் பெரியவர்கள். அடுத்து, கடையைப் பாதி சாத்திவிட்டு ஓடி வந்த வியாபாரிகளும் லாரிப் பட்டறையில் கைகழுவியும் எண்ணெய் மணம் போகாத தொழிலாளர்களும். கடைசி வரிசையில் மக்தப் பிள்ளைகள், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு. பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்கள் எங்கே? பாதிப் பேர் விடுதியில், மீதிப் பேர் டியூஷனில். ஒன்பதாம் வகுப்பில் மக்தப் நிற்கிறது; பத்தாம் வகுப்பில் மாலைத் தொழுகை நிற்கிறது; பதினோராம் வகுப்பில் பிள்ளையே ஊரில் இல்லை. நம் ஊர் இமாம் இதைக் குறையாகச் சொல்லவில்லை. "அந்த வயசுப் பிள்ளைங்க முகமே எனக்கு மறந்துபோச்சு பாய்" என்றுதான் சொன்னார்.

நாமக்கல் இந்நிலைக்கு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. தமிழகத்தில் தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, 2007 முதல் மருத்துவமும் பொறியியலும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே கொண்டு நிரப்பப்பட்டன. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடப்படும் 'கட்-ஆப்' ஒரு பிள்ளையின் தலையெழுத்து ஆயிற்று. பதினோராம் வகுப்புக்கு அப்போது பொதுத்தேர்வு இல்லை. ஆகவே பல தனியார் பள்ளிகள் அந்த வகுப்புப் புத்தகத்தை ஓரங்கட்டிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் திரும்பத் திரும்ப எழுத வைத்தன. உறைவிடப் பள்ளிகள் நிறைந்த நாமக்கல் மாவட்டம் அதற்குத் தலைநகரம் ஆனது. மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் பெற்றோர் டிரங்குப் பெட்டியோடும் பக்கெட்டோடும் இங்கே வந்து இறங்கினார்கள். 2017 மே மாதத்தில் அரசு தரவரிசை அறிவிப்பதை நிறுத்தியது. பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 1200 மதிப்பெண் 600 ஆயிற்று. அதே ஆண்டில் நீட் தேர்வும் வந்து சேர்ந்தது. ஓராண்டுப் பாடத்தையே படிக்காமல் வந்த பிள்ளைகள் திகைத்தார்கள். வளாகங்கள் திகைக்கவில்லை. பெயர்ப்பலகையில் 'நீட் பயிற்சி' என்று சேர்த்துக்கொண்டன. 1200க்கு எத்தனை என்று கேட்ட பெற்றோர் 720க்கு எத்தனை என்று கேட்கத் தொடங்கினார்கள்.

இப்பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளிகள்' என்று பத்திரிகைகள் எழுதுவதுண்டு. (நாமக்கல்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே இருப்பவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள். கறிக்கோழிக்குப் பெயர்போனது பல்லடம் பக்கம்.) அந்தப் பட்டப்பெயரோடு நாம் முழுமையாக உடன்படவில்லை. தறி ஓட்டியவரின் மகளும் லாரி ஓட்டியவரின் மகனும் மருத்துவர்களாகி ஊருக்குத் திரும்பி வந்ததை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். ஓர் ஏழைத் தந்தை தன் பிள்ளைக்காக நிலத்தை அடகு வைப்பதை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. பிற மதத்தாரின் பள்ளியில் பயில்வதும் நமக்கு ஒரு சிக்கலன்று. பத்ருப் போரில் கைதானவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தோர், முஸ்லிம் சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தால் அதுவே பிணைத்தொகை என்று ஏற்கப்பட்டதை அறிவோம். போர்க்கைதியிடமே கல்வி பெறலாம் எனில், நாமக்கல் ஆசிரியரிடம் பெறுவதில் என்ன தடை? நம் கவலை வேறு.

எங்கள் சகோதரியின் மகனை இரண்டாண்டுகள் இப்படியொரு விடுதியில் விட்டிருந்தோம். பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தப் பள்ளியாக இருந்தாலும் கதை இதுதான். காலை நான்கரைக்கு மணி அடிக்கும். ஐந்து மணிக்கு 'ஸ்டடி'. இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு. ஞாயிறு காலையில் தேர்வு, மாலையில் பத்து நிமிடத் தொலைபேசி. அவன் அத்தா முதல் மாதம் விடுதியைப் பார்த்துவிட்டு வந்து, "ஒழுக்கம்னா இதுதான் ஒழுக்கம்" என்று பெருமைப்பட்டார். நாமும் தலையாட்டினோம். நான்கரை மணி முதல் ஐந்து மணி வரை என்பது ஃபஜ்ருடைய வாசலில் நிற்கும் நேரம் என்பது அவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. நாம் வருந்துவது இதற்குத்தான். பிள்ளை விழித்திருந்தான், கைகால் முகம் கழுவியிருந்தான், இரண்டு ரக்அத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்க இரண்டாண்டுகளில் ஒருவரும் முன்வரவில்லை.

ஜும்ஆவைப் பற்றி மட்டும் ஒரு நாள் பேச்சு வந்தது. முதல் ரமளானுக்குச் சில நாள்களுக்கு முன் நாமும் அவன் அத்தாவும் தாளாளரைப் பார்க்கச் சென்றோம். மறுப்பார் என்று எண்ணி, அரசியலமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, மனசாட்சிச் சுதந்திரம் என்றெல்லாம் வாதங்களை அடுக்கி வைத்திருந்தோம். எதுவும் தேவைப்படவில்லை. "எத்தனை பசங்க இருக்காங்க?" என்று எழுத்தரிடம் கேட்டார். பதினொரு பேர். "வெள்ளிக்கிழமை வேன் அனுப்பிடலாம், சஹருக்கும் சமையல்காரர்கிட்ட சொல்லிடறேன்" என்றவர், சற்று நிறுத்தி, "இத்தனை வருஷத்துல உங்க ஆளுங்க யாரும் இதைக் கேட்டதே இல்லையே" என்றார்.

அந்த அறையை விட்டு வெளியே வரும்போது ஏற்பட்ட நாணத்தை இன்றும் மறக்க முடியவில்லை. கட்டணத்தில் ஐயாயிரம் குறைக்க மன்றாடிய பெற்றோர் இருந்திருப்பார்கள். உணவில் முட்டை உண்டா, அறையில் மின்விசிறி உண்டா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். தொழுகையைக் கேட்டவர் இல்லை. பள்ளி மறுத்திருந்தால் நாம் கோபப்பட்டிருக்கலாம், கோபம் எளிது.

இதைவிடப் பெரிய பாடம் பிறகு வந்தது. வேன் ஏற்பாடாகியும் பல வாரங்கள் நம் பையன் ஜும்ஆவுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டோம். "கட்டாயமா போகணும்னு யாரும் சொல்லலையே மாமு. இஷ்டம் இருந்தா போகலாம்னாங்க. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல" என்றான். தேர்வு முடிந்து வீட்டுக்கு வந்தபின் பார்த்தால், பகல் பதினொரு மணி வரை உறங்குகிறான். இரண்டாண்டுகள் நான்கரைக்கு எழுந்தவன்! அவன் உடலை எழுப்பியது மணி. மணி நின்றதும் எழுப்புவதற்கு உள்ளே ஒன்றுமில்லை. உணவு எடுத்து வைத்தால் உண்பான், வைக்காவிட்டால் காத்திருப்பான். சொன்னால் தொழுவான், சொல்லாவிட்டால் தொழமாட்டான். கெட்ட பிள்ளை அல்ல. தானாக முடிவெடுக்கும் வாய்ப்பே கிடைக்காத பிள்ளை.

நம் மார்க்கம் இந்த வயதை எப்படிப் பார்க்கிறது? பருவமடைந்தவுடன் ஒருவர் மீது கடமைகள் வந்துவிடுகின்றன. வேறு அடையாளம் தெரியாவிட்டால் பதினைந்து வயதே எல்லை என்பது அறிஞர்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடு. இப்னு உமர் (ரலி) அவர்கள் பதினான்கு வயதில் உஹதுக்குச் செல்ல அனுமதி மறுக்கப்பட்டார்கள். பதினைந்து வயதில் அகழ்ப்போருக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டார்கள். உஸாமா (ரலி) அவர்களிடம் படைத்தலைமை ஒப்படைக்கப்பட்டபோது அவர்களுக்கு ஏறத்தாழப் பதினெட்டு வயதுதான். மூத்த தோழர்கள் பலர் இருக்கவே அந்தப் பொறுப்பு அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஆக, எந்த வயதில் அல்லாஹ் ஒரு பிள்ளையை நேரடியாகக் கேள்விக்கு உரியவனாக ஆக்குகிறானோ, அதே வயதில் நாம் அவனுடைய எல்லாத் தேர்வுகளையும் பறித்து, எப்போது எழுவது, எப்போது உண்பது, எப்போது அம்மாவோடு பேசுவது என்பதைக்கூட மற்றவர் கையில் கொடுத்துவிடுகிறோம். மறுமையில் அவன் தன் தொழுகைக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். இம்மையில் தன் பாடப்பிரிவுக்குக்கூட அவன் பதில் சொல்ல நாம் விடுவதில்லை.

சுதந்திரம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெற்றோர் பலர் திடுக்கிடுகிறார்கள். கைப்பேசி, ஊர்சுற்றல், காதல் என்று அவர்கள் மனம் ஓடுகிறது. அந்த அச்சம் பொய்யானதன்று. கைப்பேசியின் கொடுமையை நாமும் பார்க்கிறோம். ஆனால் இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாற்றை ஒவ்வொரு ஹஜ்ஜுப் பெருநாளிலும் கேட்கிறோமே. கனவில் கண்டது இறைக்கட்டளை. நிறைவேற்றியே ஆக வேண்டியது. அப்படியிருந்தும் தந்தை மகனிடம் கனவைச் சொல்லி, உன் கருத்து என்னவென்று கேட்டார்கள். மகன் தம் வாயால் இசைவு தெரிவித்தார்கள். அந்தக் கேள்வி அங்கே ஏன் இடம்பெற்றது என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? வானத்திலிருந்து வந்த கட்டளைக்கே மகனின் கருத்தைக் கேட்ட தந்தையைப் பின்பற்றுவோர் நாம். உயிரியல் பிரிவா, வணிகவியல் பிரிவா என்பதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி முடிவு செய்கிறோம்.

பெண் பிள்ளைகளின் கதை இதற்கு மறுபக்கம். கர்நாடகத்தில் 2022இல் ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்புக்குள் அனுமதிக்கப்படாதபோது நாம் கொதித்தெழுந்தோம். அது நியாயமான கொதிப்பு. அவ்வாண்டு மார்ச் 15 அன்று உயர் நீதிமன்றம் தடையை உறுதி செய்ததும், அக்டோபர் 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் நேர்மாறான தீர்ப்புகளை வழங்கியதும் நம் வீட்டுக் கூடங்களில் வரிக்கு வரி அலசப்பட்டன. தடை செல்லாது என்ற நீதிபதி சுதான்சு தூலியா, அப்பெண்களின் கல்வியையே முதன்மையாகக் கருதினார். அதைப் பாராட்டி நாமும் செய்தி பகிர்ந்தோம். அதே வாரம் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில், பன்னிரண்டாம் வகுப்பில் அண்ணனைவிட அதிக மதிப்பெண் எடுத்த பெண் கல்லூரிக்கு அனுப்பப்படாமல் இருந்தாள். காரணம் வாயில்காவலர் அல்லர். பேருந்து மாற வேண்டும், 'காலம் கெட்டுக் கிடக்கு', அடுத்த ஆண்டு நிக்காஹ் பேசப்போகிறோம். அண்ணன் அறுபது கிலோமீட்டர் தள்ளி விடுதியில் இருந்தான். இரண்டாவது முறையாக நீட் எழுதத் தயாராகிக்கொண்டு. அவனுக்கு அவன் விரும்பாத கல்வி. அவளுக்கு அவள் விரும்பியும் கிடைக்காத கல்வி. இரண்டு பேரையும் யாரும் கேட்கவில்லை என்பது மட்டும் பொது. அரசு நம் மகளிடம் கேட்காமல் முடிவெடுத்தால் அது சுதந்திரப் பறிப்பு என்கிறோம். நாம் கேட்காமல் முடிவெடுத்தால் அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்கிறோம்.

ராவுத்தர் குடும்பத்தில் பிறந்த ஃபாத்திமா பீவி 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னர் நம் மாநிலத்தின் ஆளுநராகவும் இருந்தார். அவரைச் சட்டம் படிக்கத் தூண்டியவர் அவருடைய தந்தைதான். 1955இலேயே சென்னையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் நம் பெண்களுக்கென்று கல்லூரி தொடங்கினார். எழுபது ஆண்டுகள் கழித்தும் நாம் பேருந்து மாறுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வாய்ப்பில்லை என்று சொல்ல முடியாது. முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவுக்குத்தான் போகிறார்கள் என்ற பொது எண்ணத்தை 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை உடைத்தது: பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவில் பயில்வோர் ஏறத்தாழ 3 விழுக்காடுதான். அடுத்த ஆண்டே, 2007இல், தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியது. அக்கதவு திறந்ததிலிருந்து நாம் எல்லாரும் ஒரே அறைக்குள் நெரிகிறோம்: மருத்துவம், இல்லையேல் பொறியியல். நாமக்கல்லிலேயே 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதன் மாநில இடங்களுக்கு நீட் வேண்டியதில்லை, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே போதும். பெண்களுக்கென்று அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது. கோழிப் பண்ணைகளுக்கு நடுவே பிறந்து, முட்டை வியாபாரம் செய்து, ஆட்டுக்கறிக் கடை நடத்தும் குடும்பங்கள் நம்முள் எத்தனை! அக்குடும்பங்களிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கப் போன பிள்ளையை நம் ஜமாஅத்தில் இதுவரை நாம் பார்க்கவில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கைவிடுவதாக அறிவித்தது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கும் நோக்கம் நல்லதே. எனினும் 2017க்கு முன் நடந்ததை அறிந்தவர்களுக்கு ஓர் ஐயம் எழாமல் இராது: தேர்வு இல்லாத வகுப்பின் புத்தகம் மீண்டும் ஓரங்கட்டப்படுமா? அதைக் கண்காணிப்பது அரசின் வேலை. ஆனால் மாதத்திற்கு ஒருமுறை பிள்ளையின் பதினோராம் வகுப்பு நோட்டைப் புரட்டிப் பார்ப்பது தந்தையின் வேலை. கையெழுத்து இருக்கிறதா, பாடம் எதுவரை நடந்திருக்கிறது என்பதைக் காண ஆங்கிலப் புலமை தேவையில்லை.

விடுதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சில வீடுகளில் படிப்பதற்கு ஒரு மூலைகூட இல்லை. சில ஊர்களில் மேல்நிலைப் பள்ளி தொலைவில் இருக்கிறது. அனுப்புவோர் அனுப்பட்டும். சேர்க்கைப் படிவத்தை நிரப்பும்போதே ஃபஜ்ரையும் ஜும்ஆவையும் கேட்கட்டும். பத்து நிமிடத் தொலைபேசியை இருபதாக்கச் சொல்லட்டும். அந்த இருபது நிமிடத்தில் மதிப்பெண்ணைத் தவிர வேறு ஏதாவது பேசட்டும். நம் முத்தவல்லிகள் பள்ளிவாசலுக்குக் குளிர்சாதனம் பொருத்த வசூலிக்கும் முனைப்பில் ஒரு பங்கை, மாவட்டத்தின் விடுதிகளில் இருக்கும் நம் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிக்கவும் மாதம் ஒருமுறை அவர்களைப் போய்ப் பார்க்கவும் செலவிடலாம். ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பு குறித்து ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழியைக் குத்பாவில் கேட்டுக் கண்கலங்குகிறோம். விடுதிக் காப்பாளரும் ஒரு பொறுப்பாளர்தான், ஐயமில்லை. அவரிடம் விசாரணை முடிந்தபின் நம் முறை வரும்.

எங்கள் சகோதரியின் மகன் இப்போது சேலத்தில் வேதியியல் படிக்கிறான். மருத்துவம் கிடைக்கவில்லை. முதல் ஆறு மாதம் தடுமாறினான். இப்போது அவனே கைப்பேசியில் ஃபஜ்ருக்கு அலாரம் வைத்துக்கொள்கிறான். வாரத்தில் நான்கு நாள் எழுகிறான். மீதி மூன்று நாள் பற்றி நாம் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லக் கூடாது என்று அவன் அம்மா எச்சரித்திருக்கிறாள்.

அவன் தங்கை இவ்வாண்டு பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். உள்ளூர்ப் பள்ளியிலேயே உயிரியல் பிரிவு, பிறகு நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் என்பது அவள் எண்ணம். "கோழிக்கு ஊசி போடவா இவ்வளவு படிப்பு?" என்று நன்னி சிரித்தாள். "ஆமா நன்னி, ஆட்டுக்கும் போடுவேன்" என்றாள் அவள். விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, பெற்றோர் கையெழுத்திடும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு, அத்தா அஸர் தொழுதுவிட்டு வந்து உட்காரும் நாற்காலியின் மீது வைத்திருக்கிறாள். அவர் அதை எடுத்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. பள்ளி திறக்க ஒன்பது நாள்கள் இருக்கின்றன.